ஆஸ்பத்திரி ஏட்டில் எந்த ஊர்?

மும்பையில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்றாலும் கேஸ் பேப்பர் போடும் ஜன்னலில் நான்கு கேள்விகள் கேட்கப்படுகின்றன. பெயர் என்ன, வயது என்ன, எந்த ஊர், என்ன வேலை? பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்கும் அவசரம். தாராவியில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளி, 'காவ்' என்ற சொல் காதில் விழுந்ததுமே 'திருநெல்வேலி' என்கிறார். வேலையைக் கேட்டால் 'கூலி' என்கிறார். வயதைக் கேட்டால் 'ஐம்பது இருக்கும்' என்கிறார். அப்படியே எழுதப்படுகிறது. சீட்டு கைக்கு வந்ததும் அடுத்த வரிசைக்கு ஓட வேண்டும்.

தமிழனுக்கு ஊர் என்றால் பிறந்த ஊர்தான். பிழைக்க வந்த இடத்தை ஊர் என்று சொல்ல நா எழுவதில்லை. இது இயல்பு, இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஜன்னலில் சொல்லப்படும் ஒரு சொல், சொன்னவர் நினைத்தே பார்க்காத இடங்களுக்கெல்லாம் போய்ச் சேருகிறது. அவருக்கு எடுத்த சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அது ஆஸ்பத்திரியின் ஏட்டில் இருக்கிறது. அந்த ஏட்டைத் தேடிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் கண்டுபிடிப்பார்கள் என்பது, அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆஸ்பத்திரி ஏடுகளில் மிகவும் பெறுமதியானவை நோயியல் கூடத்து ஏடுகளே. வாயிலோ, மார்பிலோ, கழுத்திலோ கட்டி என்று வருபவரிடமிருந்து டாக்டர் ஒரு சிறு சதைத்துண்டை எடுத்து அனுப்புகிறார். பயாப்சி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஃபார்மலின் புட்டியில் வரும் அந்தத் துண்டுக்கு முதலில் ஓர் எண் தரப்படுகிறது. பின்னர் அதை உருக்கிய மெழுகில் பதித்து, தீப்பெட்டியை விடச் சிறிய கட்டையாக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு கனத்தில் அதைச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து டாக்டர் முடிவு எழுதுகிறார். முடிவின் ஒரு பிரதி நோயாளிக்குப் போகிறது. மற்றொரு பிரதியும், தகடும், மெழுகுக் கட்டையும் கூடத்திலேயே தங்குகின்றன.

மெழுகில் பதிந்த சதை எளிதில் அழிவதில்லை. 1918ல் உலகத்தையே உலுக்கிய விஷக் காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பம்பாயும் அதற்குத் தப்பவில்லை. அந்தக் காய்ச்சலில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களின் நுரையீரல் துண்டுகள் அந்நாட்டு ராணுவ நோயியல் நிலையத்தில் மெழுகுக் கட்டைகளாக இருந்தன. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து விஞ்ஞானிகள் அவற்றைத் தேடி எடுத்தனர். 1997ல் அந்த வைரஸின் மரபுப் பொருளில் சில பகுதிகளைப் படித்து வெளியிட்டனர். 2005ல் முழுவதையும் படித்து முடித்தனர். ஒரு நகத்தளவு சதையிலிருந்து அந்த முதல் பகுதிகளைப் படிக்க முடிந்தது என்றால், 1918ல் யாரோ ஒரு குமாஸ்தா எண்ணைச் சரியாக எழுதி, கட்டையைச் சரியான பெட்டியில் வைத்ததே காரணம். பார்சல் ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். மூட்டை பத்திரமாக இருந்தாலும் சீட்டு கிழிந்துவிட்டால் அது யாருக்கும் பயன்படாது.

இது அயல்நாட்டுச் சங்கதி மட்டுமல்ல. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்குள்ள மிஷன் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் ஓர் என்பவர், வெற்றிலை பாக்குப் போடும் மக்களிடம் காணப்பட்ட வாய்ப் புற்றுநோயைப் பற்றி 1933ல் லண்டன் 'லான்செட்' இதழில் எழுதினார். பம்பாய் பரேலில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 1941ல் திறக்கப்பட்டது. அங்கு நோயியல் துறையை நடத்திய டாக்டர் கானோல்கர், தொடர்ச்சியாக வந்த 1,000 வாய்ப் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 1944ல் கட்டுரை வெளியிட்டார். அவரும் அவருடைய சகாக்களும் 1955ல் புகையிலை புகைப்பதற்கும் மெல்லுவதற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினர். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985ல் முடிவு செய்தது. புகையிலை சேராத பாக்கும்கூட அத்தகையதே என்று 2004ல் வெளியான அதன் அறிக்கை கூறியது. மகாராஷ்டிரத்தில் 2012ல் குட்கா தடை செய்யப்பட்டது.

தடை எவ்வளவு தூரம் அமலாகிறது என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தத் தடைக்கு நியாயம் தேடித் தந்தவர்களில், பெயர் தெரியாத அந்த ஆயிரம் நோயாளிகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. மில் தொழிலாளியும், கூடைக்காரியும், பியூனும் சொன்ன விவரங்கள் ஏட்டில் ஏறியதால்தான் பிற்காலத்தில் பலர் தப்பினர். அவர்கள் என்ன மென்றார்கள் என்று கேட்டு எழுதாமல் விட்டிருந்தால் அந்த ஆயிரம் தாளும் வெறும் தாளாகவே இருந்திருக்கும்.

தொழிலின் பெயரும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்பது மேஜை நாற்காலி செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊர். மூக்கினுள் வரும் ஒருவகைப் புற்றுநோய் மிகவும் அபூர்வமானது. ஆனால் அந்த ஊரில் அந்நோயுடன் வந்தவர்களில் பலர் மரவேலைக்காரர்களாக இருப்பதைக் காது மூக்கு டாக்டர் ஒருவர் கவனித்தார். வட்டாரத்து ஏடுகள் புரட்டப்பட்டன. மரத்தூளே காரணம் என்ற ஐயம் வலுத்து 1968ல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. பிறகு நார்த்தாம்டன் வட்டாரத்தில் செருப்புத் தொழிலாளரிடமும் அதே நோய் மிகுதி என்று 1970ல் கட்டுரை வந்தது. இன்று மரத்தூளும் தோல் தூளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

தாராவியில் தோல் வேலை செய்த தமிழர்கள் எத்தனை தலைமுறை! பட்டறைகளில் மரம் இழைக்கும் தமிழர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் மூக்கில் ரத்தம் வருகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சீட்டில் 'கூலி' என்று எழுதப்படுகிறது. நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப்படுகிறது, சிகிச்சையும் நடக்கிறது. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து ஒரு டாக்டர் அந்த ஏடுகளைத் தேடினால், தோலும் மரமும் அவர் கண்ணில் படவே படாது. 'கூலி' என்ற சொல்லுக்குள் நூறு தொழில்கள் புதைந்துவிடுகின்றன. காரணம் தெரியாவிட்டால், காற்றோட்டம் வை, தூசியை உறிஞ்சும் இயந்திரம் வை என்று முதலாளியைக் கேட்க ஆதாரம் ஏது?

இனி ஊர் விஷயத்துக்கு வருவோம். நாட்டிலேயே முதன்முதலாக, ஒரு நகரத்து மக்களில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று கணக்கெடுக்கும் பதிவகம் பம்பாயில்தான் 1963ல் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசியத் திட்டத்தில் 1982 முதல் பம்பாய், சென்னை, பெங்களூர் ஆகிய மூன்று நகரங்களிலும் இக்கணக்கு எடுக்கப்பட்டு வருகிறது. பின்னர் வேறு பல இடங்களுக்கும் பரவியது. பதிவகத்து ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சென்று நோயியல் கூடத்து ஏடுகளையும் கேஸ் பேப்பர்களையும் பார்த்து விவரம் சேகரிக்கிறார்கள். ஒருவரை இந்த நகரத்தவர் என்று சேர்த்துக்கொள்ள வேண்டுமானால், நோய் கண்டுபிடிக்கப்பட்ட சமயத்தில் அவர் குறைந்தது ஓராண்டாவது இங்கு குடியிருந்திருக்க வேண்டும். வைத்தியத்துக்காக மட்டும் வெளியூரிலிருந்து வந்தவர் இந்த நகரக் கணக்கில் சேரமாட்டார்.

விதி நியாயமானதே. ஆனால் முப்பது ஆண்டுகள் தாராவியிலோ செம்பூரிலோ குடியிருந்தவர் 'திருநெல்வேலி' என்று மட்டும் எழுதிவிட்டால் நேர்வது என்ன? பதிவகத்தார் நேரில் விசாரித்துத் திருத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அவர் வைத்தியத்துக்காக வந்துபோன வெளியூர்க்காரர் ஆகிறார். அதே விதிப்படி திருநெல்வேலிக் கணக்கிலும் அவர் சேர முடியாது. அங்கு அவர் குடியிருக்கவில்லையே. இரண்டு ஊர்களிலும் ரேஷன் கார்டுக்கு அலைந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். நோயின் கணக்கிலும் அதே கதி. இந்த நகரத்துக்கு இத்தனை படுக்கைகள் வேண்டும், இந்தப் பேட்டையில் வாய்ப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும் என்று அரசாங்கம் திட்டம் போடும்போது கணக்கில் இல்லாதவர்களுக்காக யாரும் இடம் ஒதுக்கமாட்டார்கள்.

பெயரிலும் ஒரு சங்கடம் உண்டு. தமிழருக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான். இங்குள்ள படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. எஸ். முருகன் என்பவர் ஓர் ஆஸ்பத்திரியில் முருகன் சுப்பையா, மற்றோர் ஆஸ்பத்திரியில் சுப்பையா முருகன், மூன்றாவது இடத்தில் முருகன் நாடார் ஆகிவிடுகிறார். ஒரே மனிதர் மூன்று பேராகக் கணக்கில் ஏறலாம். அதைவிட மோசம், ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்கு எடுத்த பயாப்சியைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பழைய தகட்டையும் புதிய தகட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பழைய நோய் திரும்பியதா, புதிதாக ஒன்று வந்ததா என்று டாக்டர் சொல்ல முடியும் என்ற நிலைமைகள் உண்டு. ஆகவே இது ஆராய்ச்சிக்காரர்களின் கவலை மட்டுமல்ல. நோயாளியின் உயிர்க் கவலையும்தான்.

நோயாளிகளைச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிகளைச் சொல்லாமல் விட்டால் அது ஓரவஞ்சனை. நோயியலில் எம்.டி. படிப்பு மூன்று ஆண்டுகள். மாணவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுத வேண்டும். அபூர்வமான நோய் ஒன்று அந்த மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட வராமல் போகலாம். அதைக் கற்பிக்க ஆசிரியருக்கு உள்ள ஒரே வழி, பழைய ஏட்டில் தேடி, பழைய தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைப்பதுதான். தேடினால் கிடைக்கும்படி ஏடு இருக்கிறதா? ஆண்டுவாரியாகத் தைத்த பெரிய லெட்ஜர்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, மேல் அட்டை கழன்று, மாடிப்படியின் கீழ் கிடக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. வரிசை எண் மட்டும் இருந்து நோயின் பெயர்வாரியான அட்டவணை இல்லாவிட்டால், ஒரு நோயைத் தேட ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் படிக்க வேண்டும்.

இதற்காகவே உடலின் இந்த இடத்துக்கு இந்த எண், இந்த வகை நோய்க்கு இந்த எண் என்று சங்கேத முறைகள் ஏற்பட்டன. அமெரிக்க நோயியல் டாக்டர்கள் 1965ல் ஒன்றை வெளியிட்டனர். உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய்க்கென்றே 1976ல் ஒன்றை வெளியிட்டது. முடிவு எழுதும் அன்றே இந்த எண்ணையும் எழுதிவிட்டால் பின்னால் தேடுவது சுலபம். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 'புற்றுநோய்' என்று கம்ப்யூட்டரில் தேடினால், 'புற்றுநோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை' என்று எழுதிய தாளும் வந்து நிற்கிறது. 'புற்றுநோயாக இருக்கலாம்' என்ற தாளும் வருகிறது. ஒரு டாக்டர் முழுப்பெயர் எழுதுகிறார். இன்னொருவர் இரண்டெழுத்தில் சுருக்கி எழுதுகிறார். சுருக்கியது தேடலில் விடுபட்டுப் போகிறது. இயந்திரம் விரைவாகத் தேடும். ஆனால் எழுதப்படாததை அது கண்டுபிடித்துத் தராது. ஒழுங்கு மனிதனிடமிருந்துதான் வரவேண்டும்.

எத்தனை ஆண்டுகள் ஏட்டை வைத்திருக்க வேண்டும்? படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவரின் ஏட்டை டாக்டர் மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்றும் 2002ல் வந்த மருத்துவக் கவுன்சில் விதிகள் கூறுகின்றன. வழக்கு விவகாரத்துக்கு மூன்று ஆண்டு போதலாம். இருபது முப்பது ஆண்டு தூசியில் வேலை செய்த பிறகு தலைகாட்டும் நோயை அறிய மூன்று ஆண்டு எந்த மூலைக்கு? இடம் இல்லை என்று பழைய ஏட்டையும் தகட்டையும் கழித்துக்கட்டும் வழக்கம் நிற்க வேண்டும். நகராட்சி, அரசு ஆஸ்பத்திரிகளின் நோயியல் ஏடுகளுக்குப் பொதுவான காப்பகமும், ஏடுகளைப் பொறுப்பேற்கப் பயிற்சி பெற்ற ஊழியர்களும் வேண்டும். டாக்டர் பதவி காலியாக இருந்தால் செய்தி வருகிறது. ரிக்கார்டு குமாஸ்தா பதவி ஆண்டுக்கணக்கில் காலியாக இருந்தாலும் யாரும் கேட்பதில்லை.

ஏட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா என்ற அச்சம் நியாயமானது. நோய் இன்னதென்று தெரிந்தால் வேலை போகும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், மகளுக்கு வரன் தட்டும் என்று பயந்து பலர் உண்மையை மறைக்கிறார்கள். நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே உதாரணம். லிவர்பூலில் ஆல்டர் ஹே குழந்தைகள் ஆஸ்பத்திரியில், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்தது 1999ல் அம்பலமாயிற்று. விசாரணை அறிக்கை 2001ல் வந்தது. நாடே கொதித்தது. 2004ல் தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. ஆராய்ச்சி என்ற பெயரைச் சொன்னால் எதையும் செய்யலாம் என்று நினைத்ததன் விளைவு அது.

இந்தியாவில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி இத்தகைய ஆராய்ச்சிக்கு நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். பெயர், அடையாளம் நீக்கப்பட்ட பழைய ஏடுகளையும் மிச்சத் திசுக்களையும் ஆராயும்போது, நோயாளியின் சம்மதம் பெறுவதிலிருந்து அக்குழு விலக்கு அளிக்கலாம். 2023ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் ஆராய்ச்சிக்கு விலக்குத் தருகிறது. ஆனால் அந்தத் தகவலைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. விதித்த முறைகளையும் மீறக் கூடாது. விதிகள் தாளில் நன்றாகவே இருக்கின்றன. கேஸ் பேப்பர் ஜன்னலிலும் அவை தெரிய வேண்டும். 'உங்கள் ஏடு, பெயர் நீக்கப்பட்டு, ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் பயன்படக்கூடும்' என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் ஒரு பலகை வைக்க எவ்வளவு செலவாகும்? சொல்லிவிட்டுச் செய்தால் பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். சொல்லாமல் செய்தால் நல்ல காரியமும் திருட்டாகத் தோன்றும்.

தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஆதார் அட்டையில் உள்ளபடி பெயர், எங்கும் ஒரே மாதிரி. பிறந்த ஆண்டு. இப்போது குடியிருக்கும் முகவரி, எத்தனை ஆண்டுகளாக என்பதுடன். அதன் கீழே சொந்த ஊர். செய்யும் வேலையும் முன்பு செய்த வேலையும், 'கூலி' என்றில்லாமல், தோல் பதனிடுதல், மரம் இழைத்தல், சாயப்பட்டறை என்று விளக்கமாக. எழுதத் தெரியாதவர்களுக்கு ஆபீசில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக் குமாஸ்தா எழுதிக் கொடுக்கலாம். இதற்குக் காசு செலவில்லை. பயாப்சி ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டுடன் வைத்துக்கொள்ளவும் பழக வேண்டும். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறினால் தகட்டையும் மெழுகுக் கட்டையையும் கேட்பார்கள். அவற்றை எடுத்துக் கொடுக்க ரிப்போர்ட்டில் உள்ள எண்தான் சாவி.

மும்பைக்கு வந்த தமிழன் இந்த நகரத்துக்கு உழைப்பைத் தந்திருக்கிறான். அவன் உடலில் வந்த நோயும் பின்னால் வருபவர்களுக்கு ஒரு பாடமாக அமையலாம். பெயரை மறைத்து, மற்றதை உள்ளபடி எழுதி, எழுதியதைக் காப்பாற்றினால் அது நடக்கும். 'எந்த ஊர்' என்று அடுத்த முறை கேட்கும்போது திருநெல்வேலியைச் சொல்லட்டும், தவறில்லை. அதற்கு முன்பாகத் தாராவியில் தான் குடியிருக்கும் தெருவின் பெயரையும் சொல்லட்டும். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் அதை எழுதிக்கொள்ளும் வரை நகராமல் நிற்கட்டும்.